தல்லிலிருந்து மேசைக்கு

எங்கள் சங்கத்தில் ஒரு சமத்துவ ஆலோசனைக் குழு இருந்தது என்று இப்போது யாரிடமாவது சொன்னால், "அப்படியா, நல்ல காரியமாச்சே" என்கிறார்கள். கேட்டதும் எனக்குத் தலை வலிக்கத் தொடங்கிவிடும். மூன்று வருடம் அந்தக் குழுவுக்கு நான்தான் அமைப்பாளர். மூன்று வருடத்தில் எத்தனை ஆலோசனை எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. எழுதினதுதான் மிச்சம்.

குமரி மாவட்டத்தில் கருங்கல் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு அண்டி ஆபீஸில் நான் வேலை பார்த்தேன். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் ஏதோ மேசை நாற்காலி போட்ட அலுவலகம் என்று நினைத்துக்கொள்வார்கள். முந்திரிக்கொட்டையை வறுத்து உடைத்துப் பருப்பெடுக்கிற ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நானூறு பேருக்கு மேல் இருந்தோம். அதில் ஆண்கள் என்று பார்த்தால் வறுப்பில் நிற்கிறவர்கள், மூட்டை சுமக்கிறவர்கள், பில் எழுதுகிறவர்கள் எல்லாம் சேர்ந்து முப்பது தேறும். சங்கத்தின் நிர்வாகக் குழுவில் பதினொரு பேர். ஒன்பது பேர் அந்த முப்பதிலிருந்து வந்தவர்கள். மீதி இரண்டு பெண்கள் கூட்டத்தில் வாய் திறப்பது சாயா வரும்போதுதான், சீனி போதுமா என்று கேட்பதற்கு. இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

சுனாமி வந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். சங்கத்தின் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பெண்களுக்கும் ஒடுக்கப்பட்டவர்களுக்கும் சங்கத்துக்குள் சம இடம் கிடைப்பதைக் கவனிக்க ஒவ்வொரு கிளையும் ஒரு ஆலோசனைக் குழு அமைக்க வேண்டுமாம். எங்கள் செயலாளர் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் ப்ளஸ் டூ வரை படித்தவள், கையெழுத்தும் பார்க்க நன்றாக இருக்கும். அதுதான் என் தகுதி. "தங்கச்சி, நீதான் அமைப்பாளர்" என்றார். எனக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. என்னமோ பெரிய அதிகாரம் கையில் வந்துவிட்ட மாதிரி வீட்டுக்குப் போய் ஒரு புது நோட்டு வாங்கி அட்டை போட்டேன். அந்தப் பைத்தியக்காரியை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

குழு வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாலு மணிக்கு, சந்தைப் பக்கம் டயர் கடைக்கு மேலே இருந்த சங்க அலுவலகத்தில் நாங்கள் ஐந்து பேர் கூடுவோம். பேசுவோம். பேசினதை நான் எழுதி நிர்வாகக் குழுவுக்கு 'ஆலோசனை' என்று அனுப்புவேன். தீர்மானம் என்று எழுதக்கூடாது, கோரிக்கை என்றும் எழுதக்கூடாது. ஒரு தடவை கோரிக்கை என்று எழுதிவிட்டேன், அடித்துத் திருத்தித் திருப்பி அனுப்பினார்கள். நிர்வாகக் குழு கூடும்போது அமைப்பாளர் போய்க் கதவுப் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கலாம். கேட்டால் பேசலாம். கேட்க மாட்டார்கள். எங்கள் விஷயம் எப்போதும் கடைசியில், 'இதர' என்பதற்குக் கீழே வரும். அது வருகிற நேரத்தில் பாதிப்பேர் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

முடியாது என்று ஒரு தடவையாவது சொல்லியிருந்தால் நான் இவர்களைக் கும்பிட்டிருப்பேன். சண்டை போடவாவது ஒரு பிடி கிடைத்திருக்கும். 'ஆலோசனை நன்றியுடன் கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று எழுதிக் கொடுப்பார்கள். நன்றியோடு சண்டை போட முடியுமா? எங்கள் முதல் ஆலோசனை, சங்க அலுவலகத்துக் கக்கூஸ் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே காவல் நிற்க வேண்டியிருந்தது. அதைக் கட்டடத்துக்கான உபகுழுவுக்கு அனுப்பினார்கள். அஞ்சு மாதம் கழித்துத் தாழ்ப்பாள் வந்தது. கதவுக்கு வெளிப்பக்கம் அடித்து வைத்திருந்தார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். செயலாளர் நிதானமாகச் சொன்னார், "ஆலோசனையில உள்பக்கம்னு எழுதலியே தங்கச்சி."

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற காரியம். நான் சொல்ல வந்தது தல்லுக்கார அக்காவைப் பற்றி.

தல்லு என்றால் கொட்டை உடைக்கிற பிரிவு. வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்து மரக்கட்டையால் தட்டி உடைக்க வேண்டும். கொட்டையின் ஓட்டிலிருந்து ஒரு எண்ணெய் வடியும், பட்ட இடம் பொத்துப்போகும். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். சாம்பல் என்னத்தைத் தடுக்கும், கை கறுத்து வெடித்துத் தோல் உரிந்து வரும். அடுத்தது தோலுரிப்பு. கடைசியில் பருப்பை முழுசு, பாதி, துண்டு என்று தரம் பிரிக்கிற இடம். அதை மேசை என்போம். மேசைக்காரிகள் ஃபேனுக்குக் கீழே, ஸ்டூலில், சுத்தமான கையோடு இருப்போம். நான் மேசை. யார் தல்லு, யார் மேசை என்பதை வேலைத்திறமை பார்த்து யாரும் முடிவு செய்யவில்லை. எந்த ஊர், எந்தத் தெரு, யாருடைய மகள் என்பது முடிவு செய்தது. அம்மா தல்லு என்றால் மகளும் தல்லு. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். மேசையில் இருக்கிற சின்னப்பெண்கூட தல்லில் இருக்கிற வயதானவளை 'ஏட்டி' என்றுதான் கூப்பிடும்.

அந்த அக்கா எங்கள் குழுவில் தல்லுப் பிரிவுக்கான உறுப்பினர். தல்லு, தோலுரிப்பு, மேசை மூன்றிலிருந்தும் ஒருவராவது இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கையில் இருந்தது. நாற்பத்தஞ்சு வயதிருக்கும். கூட்டத்தில் அதிகம் பேச மாட்டாள், பேசினால் சிரிக்க வைப்பாள். தாழ்ப்பாள் வெளியே வந்த அன்றைக்கு, "நல்லதாப் போச்சு, இனி செயலாளர உள்ள வச்சுப் பூட்டலாம்" என்றது அவள்தான்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள். வலது கை விரல் மூன்றில் துணி சுற்றியிருந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர், இனி இந்த எண்ணெயில் கை வைத்தால் விரல் உணர்ச்சி போய்விடும் என்று சொல்லிவிட்டாராம்.

"மக்கா, என்னெ மேசைக்கு மாத்த முடியுமா? உனக்க பக்கத்துல ஒரு மூலையில இருந்தாப் போரும்" என்றாள்.

எனக்கு மளமளவென்று மனசு ஓடியது. இத்தனை நாள் தாழ்ப்பாளுக்கும் மின்விளக்குக்கும் எழுதிக்கொண்டிருந்தோமே, இதோ உண்மையான விஷயம் ஒன்று வந்திருக்கிறது! இதற்காகத்தானே குழுவே அமைத்தார்கள்! "அக்கா, விடுங்க. எழுதித் தாங்க, இந்த மாசமே குழுவில வச்சிருவோம்" என்றேன். அவளுக்கு எழுதத் தெரியாது. நானே எழுதினேன். மைப்பெட்டியில் பெருவிரலை அழுத்தி அவள் கைநாட்டு வைத்தாள்.

நிர்வாகக் குழு கூடியது. செயலாளர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது என்னவாக்கும்?"

"கைநாட்டு, தோழர்."

"கைநாட்டுன்னா ரேகை வேணும்லா. இது வெறும் மைக்கறையாட்டுல்லா இருக்கு."

உண்மைதான். ரேகையே இல்லை. பெருவிரலில் இருந்த கோடெல்லாம் எண்ணெய் தின்றுவிட்டது. அதற்காகத்தானே அந்த மனுவே! நான் எழுந்து நின்று சொன்னேன். கேட்காமல் பேசக்கூடாது என்றார்கள். இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கி அடுத்த மாதம் கொண்டுவரச் சொன்னார்கள். நன்றி என்றும் எழுதினார்கள்.

அடுத்த மாதம் கொண்டுபோனேன். அப்போது பொருளாளர் ஒரு சந்தேகம் கிளப்பினார். மனு கொடுத்தவளே குழு உறுப்பினர். தன் விஷயத்துக்குத் தானே ஆலோசனை சொல்வது முறையா? எல்லோரும் தலையை ஆட்டினார்கள். வாஸ்தவம், முறையில்லை. அக்காவிடம் போய்ச் சொன்னேன். "அதுக்கென்ன பிள்ளே, நான் மாறித் தாறேன்" என்று அன்றைக்கே குழுவிலிருந்து விலகினாள். அதற்கும் ஒரு மைக்கறை வைத்தாள்.

அதற்கு அடுத்த மாதம் செயலாளர் சுற்றறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தார். மூன்று பிரிவிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும். இப்போது தல்லிலிருந்து ஆள் இல்லை. ஆகவே குழு முறைப்படி அமையவில்லை. முறைப்படி அமையாத குழுவின் ஆலோசனையை எப்படி எடுத்துக்கொள்வது?

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி எறிந்திருப்பேன். "நீங்கதானே அவங்கள விலகச் சொன்னீங்க!" என்று கத்தினேன். அவர் கோபப்படவே இல்லை. அந்த மனிதருக்குக் கோபம் என்று ஒன்று கிடையாது. "தங்கச்சி, உணர்ச்சிவசப்படாத. நடைமுறைன்னு ஒண்ணு உண்டுல்லா. தல்லுலருந்து வேற ஒருத்தியச் சேத்துக்கோ, தீந்துது" என்றார்.

தல்லில் போய் ஒவ்வொருத்தியிடமும் கெஞ்சினேன். யாரும் வரவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. தல்லு எடைக்கூலி, மேசை நாள்கூலி. மேசைக்காரி நாலு மணிக்கு எழுந்து போனால் ஒன்றும் ஆகாது, தல்லுக்காரி எழுந்து போனால் அந்த நேரத்து எடை போய்விடும். சரி, கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றலாம் என்று எழுதிக் கொடுத்தேன். குழுக் கூட்ட நேரத்தை மாற்றுவதும் ஒரு ஆலோசனைதானாம். அதை முறைப்படி அமைந்த குழு அனுப்ப வேண்டுமாம். இதைச் செயலாளர் என்னிடம் விளக்கியபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ஆனாலும் விடக்கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. இவர்களை இவர்களுடைய விதியை வைத்தே மடக்கிக் காட்டுகிறேன் என்று சுற்றறிக்கையை மனப்பாடம் செய்தேன்.

இதற்கிடையில் மேசையிலும் விஷயம் பரவிவிட்டது. எதிர்த்து யாரும் பேசவில்லை. எனக்கு எதிரில் இருந்த அக்கா பருப்பைப் பொறுக்கிக்கொண்டே, "அவளுக்க கை பட்டா பருப்பு கறுத்துப்போவும்லா" என்றாள். இன்னொருத்தி, "பாவம்தான். ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம் இருக்கு, கேட்டியா" என்றாள். கறுத்துப்போகுமாம்! அந்தப் பருப்பு முழுக்கத் தல்லுக்காரி கையிலிருந்துதானே வருகிறது! வாய் வரை வந்தது. பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறவர்களிடம் ஏன் முகம் கெட வேண்டும், குழு மூலமாக வரட்டும் என்று இருந்துவிட்டேன். குழு இருப்பது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று அப்போது தெரியவில்லை.

அக்கா அவ்வப்போது குழாயடியில் வருவாள். "என்னாச்சு பிள்ளே?" என்பாள். நான் எந்த மாதம் எந்த உபகுழுவில் இருக்கிறது என்று விளக்கமாகச் சொல்வேன். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, "செரி, நீ பாத்துக்கோ" என்று போவாள். சுற்றியிருந்த துணி மூன்று விரலிலிருந்து ஐந்து விரலுக்கு வந்தது. பிறகு இடது கையிலும் வந்தது.

ஒரு வருடத்துக்கு மேல் ஆனபிறகு அக்காவின் நாத்தனாரே தல்லிலிருந்து குழுவுக்கு வரச் சம்மதித்தாள். குழு முறைப்படி அமைந்தது. ஆலோசனை முறைப்படி போனது. சாட்சிக் கையெழுத்து, டாக்டர் சீட்டு, சுற்றறிக்கையின் நகல் எல்லாம் சேர்த்துத் தைத்துக் கொடுத்தேன். நிர்வாகக் குழு அதைக் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டது! முதலாளியோடு அடுத்த ஒப்பந்தம் பேசும்போது, பிரிவு மாற்றம் பற்றிய பொதுவான விஷயமாக இதையும் சேர்த்துப் பேசுவதாக எழுதினார்கள். ஒப்பந்தம் எப்போது என்று கேட்டேன். போன ஒப்பந்தத்தின் காலம் முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது. இருந்தாலும் நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். சந்தையில் நேந்திரம்பழ பஜ்ஜி வாங்கிக் குழுவில் எல்லோருக்கும் கொடுத்தேன்.

அந்த எட்டு மாதத்துக்குள் அக்கா வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கட்டையைப் பிடிக்க முடியவில்லை என்று நாத்தனார் சொன்னாள். நான் உடனே என்ன செய்தேன் தெரியுமா? அவசரம் என்று தலைப்புப் போட்டு இன்னொரு ஆலோசனை எழுதினேன்.

அது போய் ஒரு வாரம் இருக்கும். காலையில் வேலை தொடங்கின நேரம். மேசையில் எனக்கு எதிரில் இருக்கிற, பருப்பு கறுத்துப்போகும் என்ற அந்த அக்கா, தன் அண்ணன் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். பத்தாம் வகுப்பு முடித்துக் கல்யாணத்துக்குக் காத்திருக்கிற பெண். மேசையை மேற்பார்க்கிற மேஸ்திரி அந்தப் பக்கம் வந்தபோது, "இவ எனக்ககூட இருந்து படிக்கட்டும்" என்றாள். மேஸ்திரி சரி என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டுப் போனார். அந்தப் பெண் இருந்தாள். மறுநாள் அவள் பெயர் மேசைப் பதிவில் ஏறியது.

மேசைக்கு ஆள் வருவது எப்போதும் அப்படித்தான். மேசையில் இருக்கிற ஒருத்தி, 'எனக்ககூட இருக்கட்டும்' என்று சொன்னால் போதும். நானே அப்படி வந்தவள்தான், என் சித்தி சொல்லி. இதை மறந்துபோனேன் என்று சொன்னால் பொய். நினைக்கவே இல்லை. நடைமுறை, நடைமுறை என்று இரண்டு வருடம் தொண்டை கிழியக் கத்தினவளுக்கு, தான் இருக்கிற ஸ்டூலின் நடைமுறை ஞாபகம் வரவில்லை. பெயர் ஏறிய அன்றைக்குத்தான் உறைத்தது. எழுந்து மேஸ்திரியின் பின்னாலேயே ஓடினேன்.

"தல்லுலருந்து ஒருத்திய நான் எனக்ககூட இருத்தினா?"

"இருத்து."

"தல்லுலருந்தாக்கும்."

"நீ பொறுப்பேத்து வேலை படிச்சுக் குடுத்தா எனக்கென்ன? மத்தவளுவ ரெண்டு நாளு முறுமுறுப்பாளுவ, பொறவு அடங்கிருவாளுவ."

"அப்போ சங்கம் சம்மதிக்க வேண்டாமா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இதுல சங்கம் எதுக்கு? ரெண்டு வருசமா நீ என்னமோ எழுதுத எழுதுதன்னு சொன்னாவ. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே."

ஞாயிற்றுக்கிழமை வரை எப்படிப் பொறுத்தேன் என்று தெரியாது. சர்ச்சில் பூசை முடிந்து நேரே அக்காவின் வீட்டுக்குப் போனேன். அத்தனை நாள் பழகியும் அவள் வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. வாசலில் பாயில் இருந்தாள். பக்கத்தில் அவள் மகள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சுவாங்கச் சொன்னேன், "அக்கா, நாளைக்கு வாங்க. மேஸ்திரிகிட்ட நான் பேசியாச்சு. எனக்க பக்கத்துல இருக்கலாம். நாளைக்கே."

அவள் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அப்புறம் மகளின் முறத்துக்குள் கையை விட்டு ஒரு பிடி அரிசியை எடுத்தாள். பெருவிரலால் தடவித் தடவிப் பார்த்தாள். அதில் ஒரு கல் கிடந்தது, எனக்குத் தெரிந்தது. அவள் விரல் அதன் மேலே போய்த் திரும்பி வந்தது, நிற்கவே இல்லை.

"அரிசி ஏது கல்லு ஏதுன்னு விரலு சொல்ல மாட்டேங்குது மக்கா. சூடு பட்டாலும் தெரியாது. முந்தாநாள் அடுப்புல கை வெந்துட்டு, நாத்தம் வந்துதான் பாத்தேன். பருப்புல ஈரம் இருக்கா, பூச்சி இருக்கான்னு நான் என்னத்தத் தொட்டுப் பாக்க?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செயலாளர், பொருளாளர், உபகுழு, சுற்றறிக்கை என்று வாய்க்கு வந்தபடி எல்லோரையும் திட்டினேன். "இவனுவளச் சும்மா விடக்கூடாது அக்கா. ரெண்டு வருசம் நீங்க கேட்டுக் கேட்டு, இந்தச் சங்கம் உங்களுக்கு என்ன செஞ்சுது?"

அவள் அரிசியைத் திருப்பி முறத்தில் போட்டாள்.

"சங்கத்துகிட்ட நான் எப்போ பிள்ளே கேட்டேன்? உங்கிட்டல்லா கேட்டேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லிவிட்டு வந்திருப்பேன்.